பச்சிளங் குழந்தைக்கு வலிக்குமா? மருத்துவர் ஆனந்தின் ஆய்வு வரலாறு



"பச்சை மண்ணு, அதற்கு என்ன தெரியும்?" என்று பிறந்த குழந்தையைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அன்பினால் சொல்லும் சொல் அது. அதே கருத்தை அறிவியலின் பெயரால், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, உலகின் தலைசிறந்த மருத்துவமனைகள் பலவும் கைக்கொண்டிருந்தன என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு வலி தெரியாது. தெரிந்தாலும் நினைவில் நிற்காது. ஆகவே, அறுவைச் சிகிச்சையின்போது அதற்கு முழு மயக்கமும் வலி நீக்கும் மருந்தும் தேவையில்லை என்பதே அக்கருத்து. 1980களின் நடுப்பகுதி வரையில் இது பல இடங்களில் நடைமுறையாகவே இருந்தது. இன்று நம் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் பிறந்த காலம் அதுதான்!

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கன்வல்ஜீத் ஆனந்த். இந்தியாவின் இந்தூர் நகரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1980களின் தொடக்கத்தில் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் சென்றவர். பயிற்சியால் அவர் குழந்தை மருத்துவர், தீவிரச் சிகிச்சை வல்லுநர். எனினும் அவர்தம் ஆய்வு முழுவதும் குழந்தைகளுக்கான மயக்க மருத்துவத்தையும் வலியையும் சுற்றியே அமைந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவம், மயக்க மருத்துவம் ஆகிய இரு துறைகளிலும் அவர் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

அவருடைய பணியின் அருமையை உணர வேண்டுமானால், முதலில் அந்தத் தவறான கருத்து எங்ஙனம் வேரூன்றியது என்பதைப் பார்க்க வேண்டும். கல்நெஞ்சக்காரர்கள் செய்த வேலை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போவது சரியன்று.

1846இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஈதர் வாயுவைக் கொண்டு ஒரு நோயாளியை மயக்கி அறுவை செய்து காட்டினார்கள். மனித குலம் கொண்டாடிய நாள் அது. ஆனால் மயக்க மருந்து இருமுனைக் கத்தி என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகே, கால் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபார்மால் நிகழ்ந்ததாகப் பதிவான முதல் இறப்பு அதுவே. வளரிளம் பருவத்தினருக்கே இந்தக் கதி என்றால், இரண்டு கிலோ எடையுள்ள சிசுவின் நிலை என்ன? அதன் மூச்சுக்குழல் மிகவும் குறுகியது. இதயமும் ஈரலும் இன்னும் முதிர்ச்சி பெறாதவை. மருந்து ஒரு துளி மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். இரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆகவே, குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்த மருத்துவர்கள் எப்போதும் அஞ்சியபடியேதான் இருந்தார்கள். அந்த அச்சத்திற்குத் தக்க காரணமும் இருந்தது.

பிறகு குராரே வந்தது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய நஞ்சு அது. தசைகளை அசையவிடாமல் செய்துவிடும். 1942இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் ஹெரால்டு கிரிஃபித் என்பவர் அதனை அறுவைக் கூடத்திற்குக் கொண்டுவந்தார். அதன் பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூல் மருத்துவர்கள் குராரேயையும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவையும் இணைத்து, ஆழ்ந்த மயக்கம் இல்லாமலேயே அறுவையை நடத்தும் ஒரு முறையை வகுத்தார்கள். அவர்களுள் ஒருவரான கோர்டன் ஜாக்சன் ரீஸ், 1950இல் பிறந்த குழந்தைகளுக்கான மயக்கமுறை குறித்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்.

இவ்விடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். நியூகாசிலைச் சேர்ந்த பிலிப் ஆயர் என்பவர் 1937இல் 'டி' வடிவக் குழாய் ஒன்றை அமைத்திருந்தார். குழந்தை மூச்சுவிடத் திணறாமல் இருக்க அது உதவிற்று. அந்த ஆயரே பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுபட்டுப் பிறந்தவர்! தம்மைப் போலப் பிறந்த குழந்தைகளின் அறுவைக்கு அக்கருவி பெரிதும் பயன்பட்டது. ஜாக்சன் ரீஸ் அதன் முனையில் வாய் திறந்த ஒரு சிறு பையைச் சேர்த்தார். மருத்துவர் அப்பையைக் கையால் அமுக்கிக் குழந்தைக்கு மூச்சு ஊட்டலாம்; குழந்தையின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதை உள்ளங்கையாலேயே உணரலாம். இதனால் பிழைத்த குழந்தைகள் ஏராளம். குழந்தைகளுக்கான மயக்க மருத்துவத்தை ஒரு தனித்துறையாக வளர்த்தெடுத்தவர்களின் வரிசையில் ஜாக்சன் ரீஸுக்குச் சிறப்பான இடம் உண்டு.

ஆனால் அந்த நன்மைக்குள் ஒரு வினை ஒளிந்திருந்தது. குராரே அசைவைத்தான் நிறுத்தும், வலியை நிறுத்தாது. பெரியவர்களுக்கு வேறு மருந்துகளும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. சிசுவுக்கோ, அது தாங்காது என்று கருதி, நைட்ரஸ் ஆக்சைடோடு நிறுத்திக்கொண்டார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. குழந்தை அசையவில்லை, அழவில்லை. அழுவதற்கும் தசை வேண்டுமல்லவா?

இதற்குத் துணையாக அறிவியலும் சில சான்றுகளை நீட்டிற்று. 1941இல் அமெரிக்க உளவியலாளர் மிர்ட்டில் மெக்ரா, 75 குழந்தைகளைப் பிறப்பு முதல் நான்கு வயது வரை ஊசிமுனையால் மெல்லக் குத்திப் பார்த்து, பிறந்த முதல் சில நாள்களில் குழந்தைகளிடம் துலக்கமான எதிர்வினை குறைவு என்று எழுதியிருந்தார். சிசுவின் நரம்புகள் மீது மயலின் என்னும் கொழுப்புறை முழுமையாக வளர்ந்திருக்காது. எனவே வலிச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். நூல்களில் ஏறிய கருத்து மாணவர்களின் மனத்தில் ஏறியது. அம்மாணவர்களே பின்னாளில் பேராசிரியர்கள் ஆனார்கள். தவறு இப்படித்தான் தலைமுறை கடந்து வாழ்கிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இது சற்று உறுத்த வேண்டிய செய்திதான்.

இனி ஆக்ஸ்ஃபர்டுக்கு வருவோம்.

ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய இளம் மருத்துவர் ஆனந்த் ஒன்றைக் கவனித்தார். அறுவைக்கு அனுப்பும்போது ஓரளவு நல்ல நிலையில் இருந்த குறைமாதக் குழந்தைகள், திரும்பி வரும்போது நிறம் மங்கி, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலைகுலைந்து வந்தன. அவற்றைத் தேற்றுவதற்கு நெடுநேரம் போராட வேண்டியிருந்தது. அறுவைக் கூடத்திற்குள் என்னதான் நடக்கிறது? விசாரித்தபோதுதான், அக்குழந்தைகளுக்குத் தசையை முடக்கும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே தரப்படுவதை அறிந்தார்.

அது தவறு என்று அவர் கூச்சலிட்டிருக்கலாம். ஆனால் அவர் செய்தது வேறு. பேச முடியாத குழந்தையின் இரத்தத்தைப் பேச வைத்தார்!

உடலுக்குக் கடும் துன்பம் நேரும்போது அட்ரினலின் முதலான சுரப்புநீர்கள் இரத்தத்தில் பெருகும், சர்க்கரை ஏறும், உடல் தன் புரதத்தையே சிதைத்து ஆற்றலாக மாற்றத் தொடங்கும். இவற்றை அளந்தால் குழந்தையின் உடல் அனுபவித்ததை எண்களாகக் காணலாம். இதில் ஒரு பெரிய இடையூறு இருந்தது. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலீட்டர்தான். ஒரு சிறு தேநீர்க் குவளைகூட நிரம்பாது. சோதனைக்காக அதிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும்? எனவே, மிகமிகச் சிறிய அளவு இரத்தத்திலேயே பல பொருள்களை அளக்கும் முறைகள் தேவைப்பட்டன. அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் குழந்தைகளின் சுரப்பிகள் பற்றி ஆராய்ந்த ஆல்பர்ட் எய்ன்ஸ்லி-கிரீன். பிற்காலத்தில் இங்கிலாந்தின் முதல் குழந்தைகள் ஆணையராக 2005 முதல் 2010 வரை பணியாற்றியவர் இவரே.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே வகையான அறுவை. கருவில் இருக்கும்போது இரத்தத்தை நுரையீரலுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் ஒரு சிறு குழாய், பிறந்தவுடன் தானாக மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளில் அது சில வேளைகளில் திறந்தபடியே இருந்துவிடும். அப்போது விலாவைத் திறந்து அதனைக் கட்ட வேண்டியிருக்கும். அத்தகைய 16 குழந்தைகள். எல்லாருக்கும் வழக்கம்போல நைட்ரஸ் ஆக்சைடும் குராரே மருந்தும் தரப்பட்டன. எட்டுப் பேருக்கு மட்டும், குலுக்கல் முறையில் தேர்ந்து, ஃபென்டனில் என்னும் வலிநீக்கி கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வீதம் சேர்த்துத் தரப்பட்டது.

வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. வலிநீக்கி பெறாத குழந்தைகளிடம் அட்ரினலினும் நார் அட்ரினலினும் வெகுவாக உயர்ந்தன. சர்க்கரையும் லாக்டேட்டும் ஏறின. அறுவைக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நாள்களிலும் உடல் தன் புரதத்தைச் சிதைத்துக்கொண்டே இருந்தது. இரத்த ஓட்டக் கோளாறுகளும் அவர்களிடமே மிகுந்திருந்தன. ஃபென்டனில் பெற்ற குழந்தைகள் அமைதியாகத் தேறினார்கள். இக்கட்டுரை 1987 ஜனவரியில் லான்செட் இதழில் வெளிவந்தது. பதினாறே குழந்தைகள்! ஆயினும், நாற்பதாண்டு நம்பிக்கையை அசைக்க அது போதுமானதாக இருந்தது.

இதன் பின் நிகழ்ந்ததுதான் வேடிக்கை. பிரிட்டிஷ் நாளேடுகளும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும், "எட்டுக் குழந்தைகளுக்கு வலிநீக்கி தராமல் ஆய்வு செய்தார்களே!" என்று ஆய்வாளர்களையே சாடினார்கள். அந்த எட்டுக் குழந்தைகளும் பெற்றது அன்றைய வழக்கமான சிகிச்சை. ஆய்வில் சேராத எண்ணற்ற குழந்தைகளும் அதையேதான் பெற்றுக்கொண்டிருந்தார்கள். நோயைக் கண்டு சொன்னவனையே நோய்க்குக் காரணமாக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

இதே காலத்தில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஒரு தாய் போராடிக்கொண்டிருந்தார். 1985இல் அமெரிக்காவில் குறைமாதத்தில் பிறந்த அவருடைய மகனுக்கும் மேற்சொன்ன அறுவையே செய்யப்பட்டது. சில வாரங்களில் குழந்தை இறந்தது. பிறகு மருத்துவக் குறிப்புகளைப் படித்தபோதுதான், தசையை முடக்கும் மருந்து மட்டுமே தம் மகனுக்குத் தரப்பட்டது என்பதை அந்தத் தாய் அறிந்தார். அத்தகைய குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவை என்பதற்குச் சான்று இல்லை என்று அவருக்கு விளக்கம் சொல்லப்பட்டது. அவர் விடவில்லை; கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1986இல் வாஷிங்டன் நகர நாளேடு இச்செய்தியை வெளியிட்டது. மக்கள் அதிர்ந்தார்கள். 1987 செப்டம்பரில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பிறந்த குழந்தைகளின் அறுவைக்கும் மயக்க மருந்தோ வலிநீக்கியோ தரப்பட வேண்டும் என்று அறிக்கை விடுத்தது. ஆய்வுக்கூடத்து எண்கள் ஒருபுறம், ஒரு தாயின் கண்ணீர்க் கடிதங்கள் மறுபுறம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் மாற்றம் வந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனந்த் அதற்குள் போஸ்டன் சென்றிருந்தார். அங்கே குழந்தைகள் மருத்துவமனையின் மயக்க மருத்துவர் பால் ஹிக்கியோடு இணைந்து, 1987 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சிசுவின் வலி பற்றி அதுவரை அறியப்பட்ட அனைத்தையும் திரட்டிய கட்டுரை அது. மயலின் வாதத்தை அவர்கள் மறுத்த விதம் எளிமையானது. கொழுப்புறை இல்லாவிட்டால் செய்தி மெதுவாகச் செல்லும், செல்லாமல் போகாது. சிசுவின் உடல் சிறியது. செய்தி கடக்க வேண்டிய தூரமும் குறைவு. அன்றியும், வளர்ந்த மனிதரிடத்திலேயே வலிச் செய்தியின் பெரும்பகுதியைக் கொண்டுசெல்பவை மயலின் உறை இல்லாத நரம்புகள்தாம்! இதை மருத்துவர்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். ஆனால் சிசுவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மறந்துவிட்டார்கள்.

1992இல் இருவரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் அழுத்தமானது. இதய அறுவைக்கு உள்ளான 45 பச்சிளங் குழந்தைகள். அவர்களுள் 30 பேருக்குச் சூஃபென்டனில் என்னும் வலிநீக்கியைக் கொண்டு ஆழ்ந்த மயக்கம். 15 பேருக்கு ஹாலோத்தேனும் மார்ஃபினும் கொண்ட இலேசான மயக்கம். பின்னவருள் நான்கு பேர் இறந்தார்கள். முன்னவருள் ஒருவர்கூட இறக்கவில்லை. வலியைத் தடுப்பது கருணைச் செயல் மட்டுமன்று, உயிர்காக்கும் சிகிச்சையும் ஆகலாம் என்பதற்கு இது சான்றாயிற்று.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1988இல் பிரிட்டனில் குழந்தைகளுக்கு மயக்கம் தரும் மருத்துவர்களிடம் ஒரு கருத்தாய்வு நடந்தது. சிசுவுக்கு வலி உண்டு என்று அவர்களுள் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அறுவைக்குப் பின் வலுவான வலிநீக்கி எழுதிக்கொடுத்தவர்கள் சிலரே. ஆக, அறியாமையைக் காட்டிலும் அச்சமே பெரிய தடையாக இருந்திருக்கிறது என்பது என் கருத்து. 1990களின் நடுப்பகுதியில் மீண்டும் கேட்டபோது நிலை பெரிதும் மாறியிருந்தது. பாதுகாப்பாக மருந்து தரும் வழிகள் தெரிந்த பிறகே நம்பிக்கை செயலாக மாறியது.

"நினைவில் நிற்காது" என்ற வாதம் எஞ்சியிருந்தது. 1997இல் கனடாவின் டொரொன்டோ ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். பிறந்த சில நாள்களில் விருத்தசேதனம் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு அல்லது ஆறு மாதத் தடுப்பூசியின்போது மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக அழுதார்கள். விருத்தசேதனத்தின்போது மரப்புக் களிம்பு தடவப்பட்டவர்களிடம் அந்த மிகை குறைந்திருந்தது. மனம் மறந்தாலும் நரம்பு மறப்பதில்லை.

மொழியாசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது ஆனந்த் நடத்திய வேறொரு வாதம். அது ஒரு சொல்லின் வரையறை பற்றியது. உலக வலி ஆய்வுக் கழகம் 1979இல் வலிக்கு ஒரு வரையறை தந்தது. வலி என்பது அவரவர் அகவுணர்வு. சிறு வயதில் அடிபட்ட அனுபவங்களின் வழியே அச்சொல்லின் பயன்பாட்டை மனிதர் கற்றுக்கொள்கிறார்கள் என்று அதன் விளக்கக் குறிப்பு கூறிற்று. கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். சொல்லைக் கற்காதவனுக்கு வலி இல்லை என்றாகிவிடுகிறது! 1996இல் ஆனந்தும் கென்னத் கிரெய்க் என்ற உளவியலாளரும் இதனை எதிர்த்து எழுதினார்கள். சிசு மட்டுமன்று, பேச்சிழந்த முதியவர், வாய்பேச இயலாத மாற்றுத்திறனாளி என எத்தனை பேர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள்! 2020இல் கழகம் வரையறையைத் திருத்தியது. சொல்லால் கூறுவது வலியை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்று மட்டுமே. கூற இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்று இப்போது அதில் உள்ளது. தமிழிலும் 'வலி' என்ற சொல் பழைய இலக்கியங்களில் வலிமையைக் குறித்தது. துன்பத்தைக் குறிக்க 'நோ' என்றும் 'நோய்' என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். பொருள் மாறியது சொல்லுக்குத்தான், உடலுக்கு மாறவில்லை.

ஆனந்த் போஸ்டனுக்குப் பின் எமரி, ஆர்கன்சா, டென்னசி எனப் பல இடங்களில் பணியாற்றி, பின்னர் ஸ்டான்ஃபர்டு சென்றார். கருவில் இருக்கும் குழந்தைக்கு வலி உண்டா என்பது குறித்து அவர் அமெரிக்க நீதிமன்றங்களில் சாட்சியம் அளித்ததும், அதனை வேறு அறிஞர்கள் மறுத்ததும் தனிக்கதை. அரசியல் கலந்த அந்த விவாதத்தை இங்கே விரிக்கவில்லை.

அவரை நான் மதிப்பதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. "வலி உண்டு, ஆகவே மருந்தை அள்ளிக் கொடு" என்று அவர் நின்றுவிடவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து மார்ஃபின் தருவது நன்மையா என்று 16 மருத்துவமனைகளில் 898 குழந்தைகளிடம் அவர் தலைமையில் ஆராய்ந்தார்கள். மூளையில் இரத்தக் கசிவையும் இறப்பையும் அது குறைக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது. 2004இல் அதனை அப்படியே வெளியிட்டார்கள். 2018இல் ஆக்ஸ்ஃபர்டில் வெளியான மற்றோர் ஆய்வில், கண் பரிசோதனைக்கு முன் குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்வழி மார்ஃபின் தந்தபோது மூச்சுக் கோளாறு ஏற்பட்டதால், 31 குழந்தைகளோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். பழைய மருத்துவர்களின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று என்பதை இவை காட்டுகின்றன.

மயக்க மருந்து குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்குமோ என்று அஞ்சும் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. எலிக் குஞ்சுகளிடம் நடந்த ஆய்வுகளால் அவ்வையம் எழுந்தது உண்மை. அதற்காக ஏழு நாடுகளில், குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு மணி நேரத்திற்கும் குறைவான முழு மயக்கம் பெற்றவர்களுக்கும், முதுகுத்தண்டில் மரப்பூசி பெற்றவர்களுக்கும், ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2019இல் முடிவு வெளியானது. நெடுநேர மயக்கத்தையும் அடுத்தடுத்த அறுவைகளையும் பற்றிய கேள்வி வேறு. அதை உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆனந்த் தொடங்கிய அதே ஆக்ஸ்ஃபர்டில், 2015இல் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர், பிறந்து ஒன்று முதல் ஆறு நாள்களான 10 குழந்தைகளை உறங்கும் வேளையில் மூளைப்படக் கருவியில் கிடத்தி, பாதத்தை மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்த்தார்கள். பென்சில் முனை பட்டாற்போன்ற உணர்வுதான், உறக்கம்கூடக் கலையாது. பெரியவர்களிடம் வலியின்போது செயல்படும் 20 மூளைப் பகுதிகளுள் 18, சிசுக்களிடமும் செயல்பட்டன. பெரியவர்களுக்கு நான்கு மடங்கு அழுத்தத்தில் தோன்றிய அளவு எதிர்வினை, சிசுக்களுக்கு அந்த மெல்லிய தொடுதலிலேயே தோன்றியது.

நம் ஊர்த் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கும் இளந்தாய்மார்களுக்கும் இதில் பயன் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிவுரையின்படி, ஊசி போடும்போது குழந்தையைப் படுக்க வைக்காமல் பெற்றோர் மடியில் அணைத்துக்கொள்வதும், ஊசிக்குச் சற்று முன்போ ஊசியின்போதோ தாய்ப்பால் புகட்டுவதும் வலியைக் குறைக்கும். ஒரே வேளையில் பல ஊசிகள் இருந்தால், மிகுதியாக வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடச் சொல்லி அது பரிந்துரைக்கிறது.